குழந்தை தூங்கும்போது காலில் மாட்டும் கண்காணிப்பு சாக்ஸ் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகாப்பு முடிந்த கையோடு அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் ஒரு பட்டியல் போடுவோம்: கார் சீட், கிரிப் (சுற்றிலும் கம்பி அடைத்த குழந்தைக் கட்டில்), பால் எடுக்கும் பம்ப். சில வருடங்களாக அந்தப் பட்டியலில் ஒரு சாக்ஸும் சேர்ந்துவிட்டது. குழந்தையின் பாதத்தில் மாட்டிவிட்டால் இதயத் துடிப்பையும் ஆக்ஸிஜன் அளவையும் இரவு முழுக்க போனில் காட்டும். குறைந்தால் அலறும். விலை சுமார் 300 டாலர். மூத்தவளுக்கு வாங்கிப் பயன்படுத்தினேன். இளையவன் பிறந்தபோது அலமாரியில் இருந்ததை எடுக்கவே இல்லை. இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் தோழிகள் என்னிடம் கேட்டவை, நான் குழந்தை டாக்டரைக் குடைந்து கேட்டவை, படித்துத் தெரிந்துகொண்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை, நியூ ஜெர்சியில் இருக்கும் ஓர் அம்மா. உங்கள் குழந்தைக்கு ஏதாவது உடல்நலக் குறை இருந்தால் அதன் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

அந்த சாக்ஸுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

கொரோனா இரண்டாம் அலையின்போது ஊரில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கி, விரலில் மாட்டி, 94க்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களே, அதேதான். ஒரு சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத ஓர் அகச்சிவப்பு ஒளி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஆக்ஸிஜன் இறங்கிய ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். இரண்டும் எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்த வழி இது. ஆவ்லெட், மாசிமோ ஸ்டோர்க் போன்றவை இந்த வகை.

டயப்பரில் கிளிப் போல மாட்டும் வகை வேறு. ஸ்னூஸா ஹீரோ ஓர் உதாரணம். வயிறு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கும். 15 விநாடி அசைவே இல்லையென்றால் அதிர்ந்து குழந்தையை உசுப்பும், அப்படியும் அசையாவிட்டால் இன்னும் 5 விநாடியில் அலாரம். ஆக்ஸிஜன் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பலர் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இது திடீர் சிசு மரணத்தைத் தடுக்குமா?

தடுக்கும் என்று காட்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட, நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் இறந்து, பிரேதப் பரிசோதனை செய்தும் காரணம் கிடைக்காமல் போவதைத்தான் சிட்ஸ் என்கிறார்கள். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில், அதிலும் ஒன்று முதல் நான்கு மாதம் வரை. ஏ.ஏ.பி. எனப்படும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டியில், சிட்ஸ் ஆபத்தைக் குறைக்கும் வழியாக வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. மனநிம்மதிக்காக மாட்டுவதை அவர்கள் தடுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பாகத் தூங்க வைப்பதற்கு அதை மாற்றாக நினைக்கக் கூடாது என்கிறார்கள். பிரிட்டனில் குழந்தைகளின் தூக்கப் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனமான லல்லபை டிரஸ்ட் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

மூச்சு நின்றால் அலாரம் அடிக்கும், ஓடிப்போய்க் காப்பாற்றிவிடலாமே? இதில் என்ன குழப்பம்?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வியாபாரத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது.

1972இல் நியூ யார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற டாக்டர் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தூக்கத்தில் நீண்ட நேரம் மூச்சு நிற்பதுதான் சிட்ஸுக்கு முன்னறிவிப்பு என்பது அவர் கருத்து. அதற்கு முக்கிய ஆதாரம் ஒரே குடும்பத்துக் குழந்தைகள். ஐந்து பேரும் ஒருவர்பின் ஒருவராக இறந்திருந்தார்கள், கடைசி இருவரை அவரே மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்திருந்தார். கட்டுரை வந்தபின் வீட்டில் வைக்கும் மூச்சுக் கண்காணிப்புக் கருவிகள் ஒரு தொழிலாகவே வளர்ந்தன. இருபது வருடம் கழித்து, அந்தக் குழந்தைகளின் தாய் வனீட்டா ஹோய்ட் மேல் வழக்கு வந்தது. ஐந்து பேரையும் மூச்சுத் திணறடித்துக் கொன்றதாக 1995இல் தீர்ப்பானது. முக்கிய ஆதாரமே கொலை வழக்காகிப் போனது.

அடுத்தது 2001இல் ‘ஜாமா’ இதழில் வந்த சைம் ஆய்வு. 1,079 குழந்தைகளை வீட்டில் கருவி மாட்டிக் கவனித்தார்கள். எந்தக் குறையும் இல்லாமல் நிறைமாதத்தில் பிறந்தவர்களிலேயே 43 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது அலாரம் அடிக்கும் அளவுக்கு மூச்சு நின்றது அல்லது துடிப்பு இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை, தானே சரியானது. குறைமாதக் குழந்தைகளிடம் இன்னும் மோசமான நிகழ்வுகள் இருந்தன, ஆனால் சிட்ஸ் அதிகம் நடக்கும் வயது வருவதற்கு முன்பே அவை அடங்கிவிட்டன. அதாவது கருவி கண்டுபிடிக்கும் சம்பவமும் நாம் பயப்படும் சம்பவமும் ஒரே பாதையில் போகவில்லை.

அப்படியென்றால் எதுதான் தடுக்கும்?

மல்லாக்கப் படுக்க வைப்பது. இவ்வளவு எளிதா என்று கேட்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் 1992இல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 சிட்ஸ் மரணங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் 1994இல் தொடங்கியது. 2001இல் அது 0.56. எந்த கருவியும் இதைச் செய்ததில்லை.

கூடவே: கெட்டியான, சாய்வில்லாத மெத்தை. அதன் மேல் இறுக்கமாகப் பொருத்திய ஒரு விரிப்பு, வேறொன்றும் வேண்டாம். தலையணை, போர்வை, பொம்மை, கம்பியைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பான பம்பர் எதுவும் கிரிப்புக்குள் கூடாது. முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். தாய்ப்பால். வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பது. அதிகம் போர்த்திச் சூடாக்காமல் இருப்பது.

நம் வீடுகளில் இடிக்கும் இடம் எது என்று பார்த்தால், தலை உருண்டையாக வர வைக்கும் கடுகுத் தலையணை. குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகை. அப்புறம் அமெரிக்கக் குளிருக்கு மூன்று சட்டை, தொப்பி, கம்பளி. எனக்கு 300 டாலர் சாக்ஸ் வாங்குவது சுலபமாக இருந்தது, அம்மாவிடம் கடுகுத் தலையணை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வாரம் ஆனது.

சாக்ஸ் மாட்டியிருந்தால் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைக்கலாமா? அப்போதுதான் நன்றாகத் தூங்குகிறான்.

கூடாது. நன்றாகத் தூங்குவதுதான் அதில் ஆபத்தே. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும், மூச்சுக்கு இடைஞ்சல் வந்தால் எளிதில் விழிக்காது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் குப்புறப் போடுங்கள்.

எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி வாங்கிவிட்டது என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே?

உண்மைதான், ஆனால் முன்கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆவ்லெட் நிறுவனம் பல வருடம் தன் ஸ்மார்ட் சாக்ஸை மருத்துவக் கருவி என்று சொல்லாமலே விற்றது. ஆக்ஸிஜனும் துடிப்பும் அளந்து, குறைந்தால் எச்சரிக்கிற ஒன்று மருத்துவக் கருவிதான், அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே அமெரிக்காவில் விற்பனை நின்றது. பிறகு அந்த எச்சரிக்கை வசதிகளை எடுத்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் டிரீம் சாக் என்று வந்தது. 2023 நவம்பரில் டிரீம் சாக்குக்கு முறையான அனுமதி கிடைத்து, எச்சரிக்கைகள் திரும்பி வந்தன. டாக்டர் சீட்டு எழுதினால் மட்டும் கிடைக்கும் பேபிசாட் என்ற இன்னொன்றுக்கும் அதே வருடம் அனுமதி கிடைத்தது. மாசிமோவின் ஸ்டோர்க்கும் அந்த வருடக் கடைசியில் அனுமதி பெற்றது.

அனுமதியின் வாசகத்தில் கவனிக்க வேண்டியது: டிரீம் சாக் 1 முதல் 18 மாதம் வரை உள்ள ஆரோக்கியமான குழந்தைகளுக்கு, 6 முதல் 30 பவுண்டு எடை வரை. பிறந்த முதல் மாதம் அதில் வரவே வராது. நாம் மிகவும் பயந்து வாங்குவது அந்த முதல் மாதத்துக்குத்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். எண்ணைச் சரியாக அளக்கிறது என்பதற்கான அனுமதி இது, சாவைத் தடுக்கிறது என்பதற்கானது அல்ல.

அளவு எவ்வளவு துல்லியம்?

ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் 30 குழந்தைகளிடம் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு காலில் கடைக் கருவி, இன்னொன்றில் மருத்துவமனைக் கருவி. அப்போதைய ஆவ்லெட் ஸ்மார்ட் சாக் 2, ஆக்ஸிஜன் குறைவைக் கண்டுபிடித்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் அல்ல. பேபி வைடா என்ற இன்னொன்று ஒரு முறைகூடக் கண்டுபிடிக்கவில்லை. போதாதென்று, துடிப்பு சரியாக இருந்த குழந்தைகளுக்குக் குறைவாக இருப்பதாகவும் காட்டியது. இப்போது விற்பவை அதற்குப் பிந்தைய தலைமுறை, சோதனைக்கு உட்பட்டு அனுமதி வாங்கியவை. ஆகவே அந்த முடிவை அப்படியே இவற்றின் மேல் ஒட்டக் கூடாது. ஆனால் பெயர் தெரியாத கம்பெனி 40 டாலருக்கு ஆன்லைனில் விற்கும் சாக்ஸ் கண்ணில் பட்டால் பேபி வைடாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது கறுத்த நிறம். அளவு மாறுமா?

இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். தோலில் இருக்கும் மெலனின் அந்த ஒளியைத் தானும் கொஞ்சம் உறிஞ்சும். 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மிச்சிகன் டாக்டர்கள் எழுதினார்கள்: விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டும்போது ரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவுகளில் 11.7 சதவீதத்தில், வெள்ளையரிடம் 3.6 சதவீதத்தில். அது பெரியவர்களிடம், மருத்துவமனைக் கருவியை வைத்துச் செய்த ஆய்வு. சாக்ஸுக்கும் அதே அளவு பிழை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது பாருங்கள்: குறைந்திருப்பதைக் குறையவில்லை என்று காட்டும் பக்கம். ஆகவே உதடு, நாக்கு நீலமாகவோ சாம்பலாகவோ தெரிந்து, போனில் பச்சை விளக்கு எரிந்தால், போனை நம்பாதீர்கள். கறுத்த குழந்தைக்குக் கன்னத்தைப் பார்த்து நிறம் சொல்வது கடினம், உதட்டின் உள்பக்கமும் நாக்கும்தான் சரியாகக் காட்டும்.

பொய் அலாரம் நிறைய அடிக்குமா?

குழந்தையைப் பொறுத்தது, மாட்டும் விதத்தைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

பிப்ரவரி மாதம், இரவு 2:40. மகளுக்கு ஏழு வாரம். பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஹாலில் படுத்திருந்தார். அலாரம் அடித்ததும் நான் எழுந்த வேகத்தில் கட்டில் முனையில் முழங்காலை இடித்துக்கொண்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அம்மா எனக்கு முன்னாலேயே வந்து, குழந்தையின் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். குழந்தை வாயைப் பிளந்து தூங்குகிறாள். சாக்ஸ் குதிகாலில் பாதி கழன்று தொங்குகிறது. “என்னடி இது, தீயணைப்பு வண்டி மாதிரி கத்துது?” என்றார். பிறகு, “இதுக்கு எவ்வளவு குடுத்த?” நான் சொல்லவில்லை.

கழன்றதற்கு ஒரு சத்தம், ஆக்ஸிஜன் குறைந்ததற்கு வேறு சத்தம் என்று கருவியில் வித்தியாசம் இருக்கிறது. பகலில் கேட்டால் தெரியும், தூக்கத்தில் எல்லாம் ஒன்றுதான். அன்று தொடங்கி வாரத்துக்கு மூன்று நாலு தடவை கழன்றது. ஒரு மாதம் போனபின் ஒரு காலையில் போனைப் பார்த்தால், இரவு இரண்டு முறை எச்சரிக்கை வந்திருக்கிறது, நானும் எழவில்லை, கணவரும் எழவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அன்றைக்குத்தான். மருத்துவமனை நர்ஸுகளுக்கே நாள் முழுக்க அலாரம் கேட்டுக் காது மரத்துப் போகும் என்பார்கள், நாம் எம்மாத்திரம்.

தோழி ஒருத்திக்கு 78 என்று காட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்ஸிக்கு ஓடினாள். அங்கே மாட்டிய கருவியில் 99. ஆனாலும் நாலு மணி நேரம் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அவள் போனது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எண்ணைப் பார்த்தபின் யாராலும் சும்மா இருக்க முடியாது, சிக்கலே அதுதான்.

அலாரம் அடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

போனைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். நிறம் எப்படி இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறதா? பிறந்த சில மாதம் குழந்தைகள் ஐந்து, பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டு வேகமாக மூச்சு விட்டு ஈடு கட்டும், அது இயல்பு. 20 விநாடி தாண்டினாலோ நிறம் மாறினாலோ இயல்பு அல்ல.

உள்ளங்காலைத் தட்டுங்கள், முதுகைத் தேயுங்கள். பிடித்துக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு வரும். எழவில்லை, மூச்சும் இல்லை என்றால் போனை ஸ்பீக்கரில் போட்டு 911, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. உடனே சிபிஆர்: மார்பின் நடுவில் 30 அழுத்தம், பிறகு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெல்ல 2 ஊதல், திரும்பத் திரும்ப. மறுமுனையில் இருப்பவர் வழிகாட்டுவார். ஆனால் நடுராத்திரியில் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ளும் விஷயம் அல்ல இது. பிரசவத்துக்கு முன்பே கணவன் மனைவி இருவரும் ஒரு நாள் வகுப்புக்குப் போய்விடுங்கள், துணைக்கு வரும் அம்மா மாமியாரையும் கூட்டிக்கொண்டு. சாக்ஸ் வாங்கியும் சிபிஆர் தெரியாத வீடு, தீ எச்சரிக்கை மணியைக் கட்டிவிட்டுத் தண்ணீர் இணைப்பு வாங்காத வீடு மாதிரி.

எங்கள் குழந்தை குறைமாதம். எங்களுக்குக் கண்டிப்பாகத் தேவைதானே?

உங்களுக்குத் தேவைப்பட்டால் என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) டாக்டரே கருவி கொடுத்து அனுப்புவார். அது கடையில் வாங்கும் சாக்ஸ் அல்ல. மார்பில் ஒட்டும் வயரோடு மூச்சையும் துடிப்பையும் பதிவு செய்யும் மருத்துவக் கருவி, அல்லது ஆக்ஸிஜனில் இருக்கும் குழந்தைக்கு மருத்துவ ஆக்சிமீட்டர். எந்த எண்ணுக்கு அலாரம் வைக்க வேண்டும், எப்போது கழற்றலாம் என்பதெல்லாம் குழந்தைக்கு ஏற்றபடி அவர்கள் முடிவு செய்வார்கள். குறைமாதத்தின் மூச்சுத் தடுமாற்றம் பெரும்பாலும் கருத்தரித்த கணக்கில் 43 வாரம் ஆகும்போது அடங்கிவிடும்.

இதய நோய், நுரையீரல் நோய், பிறவிக் குறை ஏதாவது இருந்தால் கடை சாக்ஸைச் சொந்தமாக முடிவு செய்து மாட்டாதீர்கள். பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து டாக்டருக்குப் போன் பண்ணத் தாமதிப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

ஒரு தடவை குழந்தை நீலமாகி, மூச்சு நின்று, உடனே சரியாகிவிட்டது. இனி மாட்டலாமா?

முதலில் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதித்துக் காரணம் எதுவும் கிடைக்காமல், ஒரு நிமிடத்துக்குள் தானே சரியான இந்த மாதிரிச் சம்பவத்துக்கு 2016 முதல் புரூ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வயது, பிறந்த வாரம், முன்பு நடந்ததா என்று சில கேள்விகள் கேட்டு ஆபத்து குறைவு என்று டாக்டர் முடிவு செய்தால், வீட்டுக் கண்காணிப்புக் கருவி தேவையில்லை என்பதுதான் ஏ.ஏ.பி. வழிகாட்டி. சிபிஆர் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள்.

தூளியில் தூங்கும் குழந்தைக்கு மாட்டலாமா? பாட்டி பக்கத்தில் படுத்தால்?

டயப்பர் கிளிப்பைத் தூளியில் மாட்டினால் அது ஏமாந்துபோகும். தூளி ஆடுவதும் ஓர் அசைவுதானே, குழந்தை மூச்சு விடுவதாக எண்ணிக்கொள்ளும். பெரியவர் பக்கத்தில் படுத்தாலும் இதே கதை, மெத்தை அசைவதை எடுத்துக்கொள்ளும். சாக்ஸ் வகையில் இந்தக் குழப்பம் குறைவு, ஆனாலும் ஓயாமல் ஆடினால் அளவு தடுமாறும்.

கருவியை விடுங்கள், தூளியைப் பற்றியே ஒரு வார்த்தை. நாமெல்லாம் அதில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் தூளியில் முதுகு வளைந்து, முகவாய் மார்பில் இடிக்கும். கழுத்து நிற்காத முதல் மாதங்களில் அந்த வளைவே மூச்சுக்குழாயை மடக்கிவிடும். கார் சீட்டில் தூங்கிப்போன குழந்தையை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படுக்க வைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். தூங்க வைக்கத் தூளி வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தால், தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் போடுங்கள். எடுத்ததும் விழித்துக்கொள்வான் என்று பாட்டி சொல்வார். சொல்வது உண்மைதான், விழித்துக்கொள்வான்.

இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். இது இருந்தால் தூங்குவேனா?

சிலர் தூங்குகிறார்கள். 2017இல் 47,495 குழந்தைகளின் ஆவ்லெட் தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. கருத்துச் சொன்ன பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பயம் குறைந்தது, நன்றாகத் தூங்கினோம் என்றார்கள். ஆனால் அது நிறுவனத்தின் தரவு, ஒப்பிட்டுப் பார்க்க சாக்ஸ் வாங்காத கூட்டமும் அதில் கிடையாது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் கேட்டால் வேறென்ன சொல்வார்கள் என்றும் கேட்கலாம். அப்படிச் சொல்லி முழுக்க ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. தூங்காத அம்மா பால் கொடுத்துக்கொண்டே சோபாவில் கண் அயர்வது குழந்தைக்கு மிகப் பெரிய ஆபத்து. சாக்ஸ் அவரைக் கட்டிலில் தூங்க வைக்கும் என்றால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது.

சிலர் என்னைப் போல. மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவள் போனைப் பார்க்க ஆரம்பித்தேன். 97, 96, 98, 95. ஏன் 95? மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தால் ஒரு கட்டத்தில் மனசு அடங்கும். எண் எப்போதும் மாறிக்கொண்டே இருப்பதால் அடங்கவே இல்லை.

உங்களையே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி: உடம்பு சரியில்லை என்றால் இணையத்தில் தேடிப் பார்த்ததும் உங்களுக்கு நிம்மதி வருமா, பயம் கூடுமா? கூடும் என்றால் சாக்ஸும் அப்படித்தான்.

குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை, கெட்ட எண்ணங்கள் நிற்காமல் வருகின்றன என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய பதற்ற நோயாக இருக்கலாம். பத்து கேள்விப் படிவம் ஒன்றை வைத்து டாக்டர் கண்டுபிடிப்பார், சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் 1-833-852-6262 என்ற எண்ணில் தாய்மார்களுக்கான உதவி 24 மணி நேரமும் இலவசம். சாக்ஸ் வாங்குவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு போன்.

காலுக்கு ஏதாவது ஆகுமா?

இறுக்கிக் கட்டினால் சிவந்து தடம் விழும். தினமும் காலை மாற்றுங்கள், பகலில் கழற்றி வையுங்கள், ஈரக் காலில் மாட்டாதீர்கள். சார்ஜில் இருக்கும்போது மாட்டவே கூடாது. வளர வளர அளவு மாற்ற வேண்டும், நிறையப் பேர் இதை மறந்துவிட்டுக் கருவி கெட்டுப்போனது என்று திட்டுகிறார்கள்.

குழந்தையின் தகவல் எல்லாம் எங்கே போகிறது?

கம்பெனியின் சர்வருக்கு. 2016இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ஆவ்லெட்டின் அப்போதைய பேஸ் ஸ்டேஷன் (சாக்ஸோடு வரும், அலாரம் அடிக்கும் பெட்டி) பாஸ்வேர்டே இல்லாத வைஃபை ஒன்றைத் திறந்து வைத்திருந்ததைக் காட்டினார். இவ்வகைக் கருவி எதை வாங்கினாலும் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள், வீட்டு வைஃபைக்கு நல்ல பாஸ்வேர்டு போடுங்கள்.

யாரோ பயன்படுத்தியதை இரவல் வாங்கலாமா?

துணிப் பகுதியைப் புதிதாக வாங்கிக்கொண்டால் சுத்தம் ஒரு பிரச்சினை இல்லை. பேட்டரி எத்தனை வருடம் பழையது, அந்த மாடலுக்கு ஆப் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021க்கு முந்தைய மாடல் என்றால் நான் வாங்க மாட்டேன்.

கடைசியில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள், வாங்கலாமா?

நிறைமாதம், ஆரோக்கியமான குழந்தை, பாதுகாப்பான படுக்கை, சிபிஆர் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள், 300 டாலர் பெரிய சுமை இல்லை, எண்ணைப் பார்த்தால் உங்களுக்குப் பதறாது: வாங்குங்கள், உங்கள் தூக்கத்துக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். பணம் இழுபறி என்றால் அதே காசில் ஒரு நல்ல கிரிப் மெத்தையும் சிபிஆர் வகுப்பும் ஆகிவிடும், அதுதான் முதல். ஊரிலிருந்து யாராவது, அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வா என்று கேட்டால், கருவிக்கு வைஃபை, ஆப், மாற்று சாக்ஸ் எல்லாம் அங்கே கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். என்னிடம் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

எத்தனை மாதம் மாட்டுவது, எப்படி நிறுத்துவது?

ஆறு மாதம் தாண்டினால் சிட்ஸ் ஆபத்து வெகுவாக இறங்கிவிடும், ஒரு வயதோடு அந்தப் பெயரே பொருந்தாது. நிறுத்திவிட்டோம் என்று குழந்தை அழப் போவதில்லை, நிறுத்த முடியாமல் தவிப்பது நாம்தான். பகல் தூக்கத்தில் முதலில் கழற்றினேன். ஒரு வாரம் கழித்து, இரவில் சாக்ஸ் இருக்கட்டும், ஆப்பை மட்டும் போனிலிருந்து எடுத்துவிடு என்றார் கணவர். அலாரம் அடித்தால் பேஸ் ஸ்டேஷனே கத்தும், எண்ணை ஏன் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்று இரவு புரண்டு படுத்தேன். நாலாவது இரவு மகள் தானே சாக்ஸைப் பிடித்து இழுத்துக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்துடன் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.